காளிச்சாமிக்குப் பூக் கேட்ட கதை

முப்பத்தைந்து வயது ஆளைப் பார்த்து 'வயசாயிப்போச்சு' என்று உதட்டைப் பிதுக்குகிற பிழைப்பு எனக்குத் தெரிந்து பாஸ்கட்பால் ஒன்றுதான். அந்த வயதில்தான் மற்றவர்கள் மில்லில் மேஸ்திரி ஆவார்கள், சொந்தமாக லேத் பட்டறை போடுவார்கள். காளிச்சாமியை மட்டும் அந்த வயதில் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவனுக்கோ போக வீடும் இல்லை. இருந்தது மில்லுக்குச் சொந்தமான லைன் வீடு.

பீளமேட்டில் மைதானத்துச் சுவரை ஒட்டி இருக்கிறது என் பேக்கரி. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அது வேங்கடசாமி கடைதான். ஆட்டம் முடிந்தால் ஜெயித்தவனும் என் கடைக்குத்தான் வர வேண்டும், தோற்றவனும் என் கடைக்குத்தான் வர வேண்டும். தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டு அவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டே நான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். பந்தைத் தொட்டதில்லை. ஆனால் கோபப்பட மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் என்னையும் ரசிகன் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

காளிச்சாமி சத்தியமங்கலத்துக்காரன். பதினெட்டு வயதில் வாழைத்தார் மண்டியில் லாரிக்குத் தார் ஏற்றிக்கொண்டிருந்தான். கீழே நின்றபடியே லாரியின் மேல்தட்டில் தாரை வைக்கிற பையனை மில் டீம்காரர் ஒருவர் வழியில் டீ குடிக்க இறங்கியபோது பார்த்துவிட்டார். மறுவாரமே கோயமுத்தூருக்குக் கூட்டி வந்தார்கள். அவன் அப்பாவும் அண்ணனும் ஒரே தோட்டத்தில் பண்ணையத்துக் கூலிக்கு இருந்தவர்கள். தோட்டக்காரர் எதிரே வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்கிற குடும்பம். "எங்கப்பனுக்கு எத்தனை ஒசரம்னே எனக்குத் தெரியாதுங்ணா, அவரு நிமுந்து நின்னு நான் பாத்ததில்ல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அன்றைக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை.

அந்தக் காலத்தில் மில்லுக்கு மில் டீம் இருந்தது. டீமில் ஆடுகிறவனுக்கு மில்லில் வேலை உண்டு. பேருக்கு வேலை. காலையில் டைம் ஆபீசில் தலையைக் காட்டிவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் மைதானத்துக்கு வந்துவிடலாம். எங்களுக்கெல்லாம் அது பொறாமையாக இருந்தது. அதில் இருந்த குழி யாருக்கும் தெரியவில்லை. பதினேழு வருடம் பஞ்சாலையில் இருந்த காளிச்சாமிக்கு, ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போடத் தெரியாது. வேறு எந்தத் தொழிலும் அவன் கற்றுக்கொள்ளாதபடி எல்லோருமாகச் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

தொண்ணூற்று நான்கில் நூல் வியாபாரம் படுத்தது. செலவைக் குறைக்கிறோம் என்று மில்லில் முதலில் கைவைத்தது டீம் மேல். ஆட்டக்காரர்கள் எல்லோரையும் ரிலீஸ் பண்ணிவிட்டார்கள். இளவட்டங்களை ரயில்வேயும் பேங்கும் கொத்திக்கொண்டு போய்விட்டன. காளிச்சாமியை யாரும் கேட்கவில்லை. சித்திரை முடிவதற்குள் லைன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அவன் பெண்டாட்டி பொற்கொடி அன்று என் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அம்மணி?" என்றேன்.

"ஊருக்குப் போனா இவரு எங்க போவாருங்ணா? அண்ணன் இருக்கற அதே தோட்டத்துக்குத்தான் போகோணும். இவரால அங்க குனிய முடியாதுங்ணா. செத்துப்போயிருவாரு." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் மகள் யுவஸ்ரீ அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்துச் சாளைக் குடிசையிலிருந்து பெண்பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்?

மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். பம்ப்செட் கம்பெனி வைத்திருந்த பொங்கியண்ணனின் டீம். அவர் தோட்டம் துரவு உள்ள குடும்பம், மோட்டார் பம்ப் செய்து பெரிய ஆளானவர். டீம் என்றால் அவருக்கு உயிர். ஆனால் அந்த உயிரைப் பத்து வருடமாக வாங்கியவன் காளிச்சாமிதான். ஒவ்வொரு மே மாதப் போட்டியிலும் பொங்கியண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு வருவார், காளிச்சாமி ஆடிக் கெடுப்பான், அவர் என் கடையில் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போவார். இப்போது அவர் டீமில் ஓர் இடம் காலி. இடத்தோடு கம்பெனியில் வேலையும், குடியிருக்க ஒரு வீடும் உண்டு.

எடுக்கலாமா வேண்டாமா என்ற பஞ்சாயத்து என் கடை பெஞ்சில்தான் நடந்தது. ஒரு பக்கம் பொங்கியண்ணன். எதிரே அவருடைய கோச் சென்னகேசவன். நல்ல மனிதர், ஆனால் கண்ணில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள். எங்கள் ஊரில் அது வியாதி மாதிரி.

"காளிச்சாமிய எடுத்துக்கலாமுங்களா சாரு?" என்றார் பொங்கியண்ணன்.

"வேண்டாமுங்க. அவனோட வலது முட்டி போயிருச்சு. குதிச்சு எறங்கறப்பப் பாருங்க, எடது கால்லதான் எறங்கறான். அடுத்தடுத்து ஆட்டம் வெச்சா அவனத் தூக்கிட்டுப் போக ஆளு வேணும். நமக்கு இருக்கறது ஒரே எடம். பாலிடெக்னிக் பையன் தீபக்குக்குக் குடுங்க. இன்னும் பத்து வருசம் ஓடுவான்."

"ஓடுவானுங்க. எங்க ஓடறதுன்னு தெரியோணுமில்லீங்க? பந்து எங்க வந்து உளுகும்னு காளிச்சாமிக்கு முன்னாலயே தெரியுது. அவன் போயி நிக்கறான், பந்து அவங்கிட்ட வருது. பத்து வருசமா நான் பாத்து வயிறெரிஞ்சது அதத்தானுங்களே."

"வயிறெரிஞ்சதுக்காக வேலை குடுக்க முடியுமுங்களா?"

நான் டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சொன்னது நிஜம். அதுதான் கொடுமை. ஒருவர் பொய் சொல்லியிருந்தால் நான் சண்டைக்காவது போயிருப்பேன்.

கடைசியில் ஒரு ஆட்டம் ஆடவிட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. ஆட்டத்தன்று மத்தியானமே காளிச்சாமி கடைக்குப் பின்பக்கமாக வந்தான். "அண்ணா, ஐஸ் இருக்குங்களா?" மைதா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து முட்டியில் ஐஸை வைத்துக் கட்டிக்கொண்டான். முட்டி பப்பாளிக்காய் போல வீங்கிக் கிடந்தது.

"ஏப்பா, டாக்டர் கிட்டக் காமிச்சியா?"

"காமிச்சா அவரு ஆடாதேம்பாருங்ணா. ஆடாம நான் யாருங்ணா?"

ஆட்டத்தில் அவன் ஒருமுறைகூட உயரக் குதிக்கவில்லை. குதிக்க வேண்டிய இடத்துக்கு முன்னதாகவே போய் நின்று, முதுகைக் கொடுத்துத் தீபக்கைத் தள்ளியே வைத்தான். பந்துக்கு மேல் பந்தாக அவன் கைக்கு வந்தது. கடைசியில் தீபக் ஓடிவந்து மோதியதில் காளிச்சாமி விழுந்தான். எழுந்தான், சிரித்தான், வலியே இல்லாதவன் போல நடந்தான். பொங்கியண்ணன் அவன் எடுத்த பந்துகளைப் பார்த்தார். சென்னகேசவன் அவன் எழுந்த விதத்தைப் பார்த்தார். ஆட்டம் பார்த்த பிறகும் இருவரும் அவரவர் இடத்திலேயே நின்றார்கள்.

"ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாமுங்க" என்றார் சென்னகேசவன்.

பொங்கியண்ணன் யோசித்தார். "அம்மங்கிட்டப் பூக் கேட்டரலாமுங்க" என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். புது மெஷின் வாங்குவதென்றாலும், மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதென்றாலும், கிணறு வெட்டுவதென்றாலும் அவர் குடும்பத்தில் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளை அரளியை ஓர் இலைப் பொட்டலத்திலும் செவ்வரளியை இன்னொன்றிலும் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் பக்கத்தில் படித்தவன் படிக்காதவன் எல்லோரும் செய்கிற காரியந்தான், நானும் கடை வைப்பதற்கு முன்னால் கேட்டவன்தான். ஆனால் ஒரு மனிதனின் முட்டிக்கு அம்மனைச் சாட்சிக்குக் கூப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

கோயில் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், பவானிக் கரையில். பொங்கியண்ணன் காரில் கோச்சையும் தன் ஐந்து வயதுப் பேத்தி பிரவீனாவையும் ஏற்றிக்கொண்டார். "நீயும் வந்துரு காளிச்சாமி, பஸ்ஸுல" என்றார். அவனுக்குத் தனியாக வரத் தைரியமில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். பொற்கொடியும் வந்தாள்.

பஸ்ஸில் அவன் கால் நீட்ட இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தான். பொற்கொடி என் காதோரமாகக் கேட்டாள். "செவப்பு வந்துருச்சுன்னா என்னுங்ணா பண்றது?"

"நல்லதையே நெனை அம்மணி."

"நெனச்சு நெனச்சுத்தானுங்ணா இங்க வந்து நிக்கறோம்" என்றாள். அவள் குரலில் இருந்தது அழுகை இல்லை. அதைவிட மோசமான ஏதோ ஒன்று, அடி வற்றிய கிணற்றில் வாளி மோதுகிற சத்தம் மாதிரி இருந்தது.

கோயிலில் அன்று வேறொரு குடும்பம் கிடாவெட்டுக்கு வந்திருந்தது. ஒரே கூட்டம், புகை, சத்தம். பொங்கியண்ணன் உள்ளே போனார். நானும் கோச்சும் பின்னால் போனோம். காளிச்சாமி வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை. யாரும் வாங்க என்று சொல்லவும் இல்லை. மதில் குட்டையானது, அவன் தலையும் தோளும் அதற்கு மேலே தெரிந்தன. பொற்கொடி வெளிப்பக்கம் அரளிச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

பூசாரிக்குத் தலைக்கு மேல் வேலை. பூப் பறிக்க வெளியே போனவரைக் கிடாவெட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். என்ன செய்தார் என்று பிறகுதான் தெரிந்தது. செடிக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து, "அம்மணி, வெள்ளையில ஒரு பொட்டலம் செவப்புல ஒரு பொட்டலம் கட்டிச் செவுத்து மேல வெச்சுரு கண்ணு" என்று இலையையும் நூலையும் கையில் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறார். அவள் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

பொட்டலங்கள் அம்மன் முன்னால் வந்தன. பொங்கியண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டார். பிரவீனா பெரிய மனுஷி போல நடந்துபோய் ஒன்றை எடுத்து வந்து தாத்தாவிடம் கொடுத்தாள். அவர் நூலைப் பிரித்தார்.

வெள்ளை.

"அம்மா குடுத்துட்டா!" என்று பொங்கியண்ணன் கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. சென்னகேசவன்கூடப் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "சரீங்க. இனி அவன் முட்டி எம்பொறுப்பு" என்றார். மதிலுக்கு வெளியே காளிச்சாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட இருக்கவில்லை.

"தாத்தா, இதுல செவப்புப் பூ. இது எனக்கு" என்று பிரவீனா இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தாள். பிரித்துப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள். "இதும் வெள்ளை தாத்தா."

பொங்கியண்ணன் பேத்தி கையிலிருந்த பூவை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"யாரு கட்டுனது?"

பூசாரி வாயைத் திறக்கவில்லை. கட்டியது யார் என்று சொன்னால், கட்டக் கொடுத்தது யார் என்ற கேள்வி வரும். நான் மதிலுக்கு வெளியே பார்த்தேன். பொற்கொடி அரளிச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காளிச்சாமியும் அவளைத்தான் பார்த்தான். அவள் கையில் மிச்ச நூல் இருந்தது. அவனுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது, எனக்கும்தான்.

கிடாவெட்டுக் கூட்டமும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. "அம்மனையே ஏமாத்துனது யாருடா?" என்று யாரோ கத்தினார்கள். அரிவாள் கையில் இருக்கிற கூட்டம்.

பாஸ்கட்பாலில் ஒரு வழக்கம் உண்டு. ஃபவுல் செய்தவன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அப்போதுதான் கணக்கு எழுதுகிறவர் அவன் பேரில் எழுதுவார். மதிலுக்கு மேலே காளிச்சாமியின் கை உயர்ந்தது. நீளக் கை, கோயிலுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது.

"நாந்தானுங்க முதலாளி. பொட்டலம் செவுத்து மேல இருந்துச்சுங்க. நாந்தான் மாத்திப்போட்டனுங்க."

"முதலாளி, அவன் அங்கியேதான நின்னான்?" என்றார் சென்னகேசவன். அவனை வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர் இப்போது தடுமாறினார். "இத்தனை வருசத்துல ஆட்டத்துல ஒரு பொய் சொன்னவன் இல்லீங்க அவன். எனக்கு நம்பிக்கையில்லீங்க."

"அவனே கையத் தூக்கீட்டானுங்களே" என்றார் பொங்கியண்ணன்.

"அப்ப இன்னொருக்காக் கேட்டுப் பாருங்க முதலாளி" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கெடுத்துப்போட்ட கேள்வியத் திருப்பிக் கேக்கக் கூடாதுங்க வேங்கடசாமி." கூட்டத்தைப் பார்த்து அவரே கையமர்த்தினார். "உட்டுருங்க. போறான். எங்க அம்மன் பாத்துக்குவா." அந்த மட்டுக்கும் பெரிய மனதுதான்.

காருக்கு நடக்கும்போது வாசலில் நின்றார். காளிச்சாமியைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஏம்ப்பா இப்படிப் பண்ணுனே? செவப்பே வந்திருந்தாலும் மூணு தடவை வரைக்கும் கேக்கறது எங்க மொறை. மூணுல ஒருக்கா வெள்ளை வராமலா போகும்? உன்னை எடுக்கோணும்னுதான் நான் கோயலுக்கே வந்தேன்."

பொற்கொடி அதைக் கேட்டாள். இரண்டடி தள்ளி நின்று ஒவ்வொரு வார்த்தையும் கேட்டாள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. எனக்கு அந்த அம்மன் மேலும் கோபம், பொங்கியண்ணன் மேலும் கோபம், பூசாரி மேலும் கோபம். யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்தேன்.

மூவரும் சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அங்கே வந்ததும் பொற்கொடி சட்டென்று நின்றாள்.

"நான் போய் நெசத்தச் சொல்லிப்போட்டு வாரேன். நாந்தான் செஞ்சுபோட்டேன், அவருக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்றேன். கோயமுத்தூர் போய் முதலாளி ஊட்டு வாசல்ல உளுந்து சொல்றேன்."

காளிச்சாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம்."

"உன்ற வேலை போச்சே! நான் கெடுத்துப்போட்டனே! சும்மா இருந்திருந்தாக் கெடச்சிருக்குமே!" நடுரோட்டில் தலையில் அடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"பொற்கொடி, இங்க பாரு. நம்ம தெருப் பொம்பள அந்தக் கோயல் பூவத் தொட்டான்னு தெரிஞ்சா உன்னை அங்கியே என்ன பண்ணியிருப்பாங்க? அருவாள் இருந்துச்சு, பாத்தீல்ல? எனக்கு வேலை போனது போனதுதான். நான் எப்படியும் வெளிய போறவன். நீ இருக்கோணும்." அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "நீயும் போயிட்டா நான் யாருக்காக அந்தத் தோட்டத்துல குனியறது?"

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோயமுத்தூர் பஸ் வந்தது. "ஏறுங்க, போலாம்" என்றேன்.

"நீங்க போங்கண்ணா. நாங்க இப்படியே ஊருக்குப் போய் அண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டு வாரோம். தோட்டக்காரருகிட்ட அண்ணன்தான் கேட்டு வெக்கோணும்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் மறைக்காமல் அழுதேன். கண்டக்டர் என்ன ஏது என்று கேட்டான், சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஊர் பஸ்ஸுக்கு அவர்கள் நின்றார்கள். பொற்கொடி அவனிடம் ஏதோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகம் தாழ்ந்து இருந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்பதற்காக அவன் குனிந்தான்.